கரையும் கருவூலமும்: தமிழகக் குடிமராமத்தின் வரலாறு

தமிழ்நாட்டில் ஏறத்தாழ 39,000 பாசன ஏரிகள் உள்ளன. செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பக்கம் ஏரி, தாங்கல் என்றும், மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் வட்டாரத்தில் கண்மாய், ஏந்தல் என்றும், திருநெல்வேலிச் சீமையில் குளம் என்றும் இவை வழங்கப்படுகின்றன. வடகிழக்குப் பருவமழை சில வாரங்களில் கொட்டித் தீர்த்துவிடும். அந்த நீரைச் சரிவில் மறித்து நிறுத்தினால்தான் தை, மாசி வரை வயலுக்குத் தண்ணீர் கிடைக்கும். மண்ணால் ஆன கரை ஆண்டுதோறும் மழையில் அரிக்கப்படுகிறது; ஓடிவரும் நீர் கொண்டுவரும் வண்டல் உள்ளே படிகிறது. ஆகவே ஏரி ஒருமுறை வெட்டி முடித்துவிடக்கூடிய வேலை அன்று. அதற்கு ஆண்டு தவறாமல் ஆளும் பொருளும் வேண்டும்.

அந்த ஆளை யார் அனுப்புவது, அந்தப் பொருளை யார் கொடுப்பது என்ற கேள்விக்கு ஆயிரம் ஆண்டுகளில் பல விடைகள் கிடைத்திருக்கின்றன. அவற்றுள் ஒன்றுதான் குடிமராமத்து. ஏரியின் கீழ்ப் பயிர் செய்யும் ஆயக்கட்டுக்காரர்கள் சிறு பழுதுகளைத் தங்கள் உழைப்பால் தாங்களே சரிசெய்துகொள்வதும், பெரும் பழுதுகளை அரசு தன் செலவில் பார்ப்பதும் இந்த வழக்கத்தின் சாரம். ஊரின் பங்கு எது, அரசின் பங்கு எது என்ற எல்லை காலந்தோறும் மாறியது. அந்த எல்லை நகர்ந்த கதையே குடிமராமத்தின் வரலாறு.

ஆண்டு வேலை

சித்திரை, வைகாசியில் ஏரி வற்றியதும் வேலை தொடங்கும். மழைநீரை ஏரிக்குக் கொண்டுவரும் வரத்துக் கால்வாயில் மேடிட்ட மண்ணை வெட்டி எடுத்தாக வேண்டும். கரையில் மழை அறுத்த பள்ளங்களை மண்ணிட்டு மெத்த வேண்டும். எலி வளையும் நண்டு வளையும் அடைக்கப்பட வேண்டும். கரையில் முளைத்த புதரையும் சப்பாத்திக்கள்ளியையும் வேரோடு பிடுங்க வேண்டும். விட்டுவைத்தால் வேர் போன வழியே நீர் கசியும். மதகின் வாயில் படிந்த சேற்றை அள்ளுவதும், வயலுக்குச் செல்லும் வாய்க்கால்களைச் சீர் செய்வதும் இதில் அடக்கம். ஐப்பசி, கார்த்திகையில் ஏரி நிரம்பிவரும்போது இரவு பகலாகக் கரையைக் காவல் காப்பதும், உடைப்பு எடுக்கும் இடத்தில் வைக்கோலும் மண்ணும் போட்டு அடைப்பதும் ஊரின் பொறுப்பே.

உடைந்த மதகைக் கல்லால் கட்டுவது, உபரிநீர் வழியும் கலிங்கைப் புதுப்பிப்பது, அலை மோதும் பக்கத்தில் அலைகல் பதிப்பது, பெரிய உடைப்பை அடைப்பது ஆகியவை ஓர் ஊரின் சக்திக்கு மீறியவை. அவற்றுக்கு மன்னரோ, நாட்டுத் தலைவரோ, கோயிலோ, பிற்காலத்தில் ஜமீனோ சர்க்காரோ பொருள் தர வேண்டியிருந்தது.

மடையைத் திறந்து மூடி, வயல் வயலாக நீர் பாய்ச்சும் பணிக்கென்று தனி ஆள் உண்டு. தென்மாவட்டங்களில் அவரை நீர்க்கட்டி, மடையர் என்றும், வடக்கே கம்புகட்டி என்றும் அழைப்பர். பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்தவர்களே தலைமுறை தலைமுறையாக இந்தப் பணியைச் செய்துவந்தனர். அறுவடைக் களத்தில் அளந்து தரும் நெல்லே அவர்களுக்குக் கூலி. ஏரியின் குணத்தை நுணுக்கமாக அறிந்தவர்கள் அவர்கள். ஆனால் ஏரியைப் பற்றிய முடிவெடுக்கும் சபைகளில் அவர்களுக்கு இடம் இருந்ததில்லை.

ஏரி வாரியமும் ஏரிப்பட்டியும்

பல்லவர், சோழர், பாண்டியர் காலக் கல்வெட்டுகள் ஏரிப் பராமரிப்புக்கான நிதி ஏற்பாட்டைத் தெளிவாகக் காட்டுகின்றன. முதலாம் பராந்தக சோழனின் ஆட்சியில், 919ஆம் ஆண்டிலும் 921ஆம் ஆண்டிலும் உத்தரமேரூரில் வெட்டப்பட்ட கல்வெட்டுகள், குடத்திலிட்ட ஓலையை எடுத்து உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் குடவோலை முறையை விவரிப்பவை. அவற்றின்படி குடும்பு எனப்பட்ட ஊரின் 30 பிரிவுகளிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டவர்களில் 12 பேர் சம்வத்சர வாரியம் எனப்பட்ட ஆண்டுக் குழுவுக்கும், 12 பேர் தோட்ட வாரியத்துக்கும், 6 பேர் ஏரி வாரியத்துக்கும் அமர்த்தப்பட்டனர். வாரியத்தில் இருப்பவர் கணக்குக் காட்டக் கடமைப்பட்டவர். கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் மீண்டும் வாரியத்தில் இடம்பெற முடியாது.

வாரியத்தின் கையில் வருவாய் இருந்ததுதான் இங்கே முதன்மையான செய்தி. ஏரிப்பட்டி என்று ஒதுக்கப்பட்ட நிலத்தின் விளைச்சல் ஏரிக்கே செலவிடப்பட்டது. ஏரியாயம் என்ற வரியும் ஏரிக்கென்றே தண்டப்பட்டது. செல்வர்களும் அதிகாரிகளும் சபையிடம் பொன்னை முதலாக வைத்து, அதன் வட்டியைக் கொண்டு ஆண்டுதோறும் ஏரியில் குழி குத்தி மண் எடுக்க ஏற்பாடு செய்தனர். நீர் நிற்கும் ஏரியில் மண் அள்ளி வரப் படகும், படகோட்டும் ஆளும், கூடையும் வைத்திருந்த ஊர்களும் உண்டு. இவ்வாறு பொன் வைப்பது கோயிலில் விளக்கெரிக்கக் கொடை அளிப்பதற்கு ஒப்பான அறமாக மதிக்கப்பட்டது.

இந்த ஏற்பாட்டை ஊர் மக்கள் அனைவரும் சமமாகக் கூடி நடத்தியதாகக் கருதுவதற்கில்லை. உத்தரமேரூர் சபை நிலமுடைய பிராமணர்களின் சபை. வெட்டி எனப்பட்ட கூலியில்லா உழைப்பைத் தந்தவர்கள் நிலமற்றவர்கள். ராமநாதபுரம், சிவகங்கைச் சீமைகளின் கண்மாய்களை ஆராய்ந்த மானிடவியலாளர் டேவிட் மோஸ், அங்கே நீர் ஏற்பாடுகள் சேதுபதிகள், ஜமீன்தார்கள், அம்பலகாரர்கள் ஆகியோரின் அதிகாரத்தோடும் கொடையோடும் பிணைந்திருந்ததைக் காட்டியுள்ளார். ஊர் தனித்து நின்று கண்மாயைக் காத்தது என்ற படத்தை அவர் ஏற்கவில்லை. எனினும் ஒன்று தெளிவு: ஏரிக்கென வந்த பொருளில் ஒரு பகுதி ஊரைவிட்டு வெளியே போகாமல், ஏரிக்கரையிலேயே செலவானது.

களத்து மேரையிலிருந்து கும்பினிக் கஜானாவுக்கு

1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு என்ற பொறியாளர் செங்கல்பட்டுச் சீமையின் ஏறக்குறைய 2,000 ஊர்களை அளந்து கணக்கெடுத்தார். அந்தக் கணக்குகள் அறுவடைக் களத்தில் நடந்த பங்கீட்டை நுட்பமாகப் பதிவு செய்கின்றன. மேல்வாரம், குடிவாரம் என்று அரசும் உழுகுடியும் பிரித்துக்கொள்வதற்கு முன்பே கோயிலுக்கும், கணக்கனுக்கும், தச்சன், கொல்லன் முதலியோருக்கும், நீர் பாய்ச்சுபவருக்கும், ஏரிப் பராமரிப்புக்கும் குவியலிலிருந்து பங்கு எடுத்து வைக்கப்பட்டது. இந்தப் பங்குகளுக்கு மேரை என்று பெயர்.

கிழக்கிந்தியக் கும்பினி வருவாயை முறைப்படுத்தியபோது இந்த மேரைகளில் பலவும், ஏரிக்கென விடப்பட்ட மானிய நிலங்களில் பலவும் அரசின் கணக்கில் சேர்க்கப்பட்டன. 1790களின் பிற்பாதியில் ஜாகீர் எனப்பட்ட செங்கல்பட்டுச் சீமையின் கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ் மேரைகளையும் மிராசு எனப்பட்ட பரம்பரை நில உரிமைகளையும் பற்றி 1799இல் நீண்ட அறிக்கை எழுதினார். மதுராந்தகம் ஏரியோடு அவர் பெயர் இன்றும் பேசப்படுகிறது. மழை வலுத்த ஓர் இரவில் உடைய இருந்த கரையை ராமரே காத்து நின்றார் என்பது அவ்வூர் மக்களின் நம்பிக்கை. அங்குள்ள ஏரிகாத்த ராமர் கோயிலில் தாயார் சன்னிதித் திருப்பணியைப் பிளேஸின் தர்மமாகக் குறிக்கும் கல்வெட்டும் இருக்கிறது. ஓர் ஏரியின் கரை உடைந்தால் அதன் கீழுள்ள ஊர்களின் விளைச்சலும் கும்பினியின் வரியும் ஒருங்கே போகும் என்பதை உணர்ந்த அதிகாரிகளில் அவர் ஒருவர்.

ரயத்துவாரி முறை பரவியபோது ஒவ்வொரு பட்டாதாரரும் தனித்தனியே அரசுக்குப் பணமாக வரி கட்ட வேண்டியதாயிற்று. பொதுக் களம், பொதுக் குவியல், அதிலிருந்து ஏரிக்கு ஒரு பங்கு என்ற அடித்தளம் நழுவியது. வருவாய் அரசிடம் போனது. பராமரிக்கும் கடமையில் பாதி மட்டும் ஊரிடம் தங்கியது. மராமத்துக்குக் கும்பினி ஒதுக்கிய பணமோ, நீர்ப்பாசன நிலங்களிலிருந்து அதற்குக் கிடைத்த வரியில் ஒரு சிறு பகுதியே.

இதன் விளைவு 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கண்கூடாகத் தெரிந்தது. மதராஸ் மாகாணத்தின் 14 முக்கியப் பாசன மாவட்டங்களில் 53,000 ஏரிகள் இருப்பதாகவும், அவற்றில் 10,000 ஏரிகள் பழுதுபட்டுக் கிடப்பதாகவும் 1850களில் பொறியாளர் பெயர்டு ஸ்மித் எழுதினார். அந்த 53,000 ஏரிகளின் கரைகளையும் நீட்டி வைத்தால் 30,000 மைல் வரும் என்பது அவர் மதிப்பீடு. மாகாணத்தின் பொதுப்பணிகளை ஆராய்ந்து 1852இல் அறிக்கை தந்த குழுவும், காவிரியிலும் கோதாவரியிலும் அணை கட்டிய ஆர்தர் காட்டனும் பராமரிப்பில் அரசு காட்டிய மெத்தனத்தைக் கடுமையாகச் சாடினர்.

1858ஆம் ஆண்டின் சட்டம்

1858இல் மதராஸ் கட்டாய உழைப்புச் சட்டம் இயற்றப்பட்டது. அது இரண்டு ஏற்பாடுகளைச் செய்தது. கரை உடையும் ஆபத்து நேரும்போது, சுற்றுவட்டாரத்து உழைக்கும் வகுப்பைச் சேர்ந்த உடல் வலுவுள்ள ஆண்களை வேலைக்கு அழைக்க அதிகாரம் தந்தது. அடுத்து, ஓர் ஊரில் வழக்கமாகக் கூட்டு உழைப்பால் செய்யப்பட்டுவந்த பாசன வேலைக்கு ஒருவர் தம் பங்கு உழைப்பைத் தர மறுத்தால், அந்த உழைப்பின் மதிப்பைப் போல் இருமடங்கு தொகையை அவரிடம் வசூலிக்கலாம் என்றது.

குடிமராமத்து சட்ட வடிவம் பெற்றது இப்போதுதான். ஊர்வழக்கம் அரசுக்குச் செலுத்த வேண்டிய கடமையாக மாறியது. ஆனால் அந்தக் கடமைக்கு ஈடாக ஊருக்கு எந்த உரிமையும் புதிதாகத் தரப்படவில்லை. ஏரி நீர் அரசுடையது. ஏரிப் புறம்போக்கும் அரசுடையது. நீர் பெறும் நிலத்தின் தீர்வையும் அரசுக்கே. உழைப்பு மட்டும் ஊருடையது.

சட்டம் ஏட்டில் நின்றதற்குக் காரணங்கள் உண்டு. ஒவ்வோர் ஊரிலும் அப்படியொரு வழக்கம் இருந்ததை முதலில் மெய்ப்பிக்க வேண்டும். மெய்ப்பித்தாலும் வசூலிக்க வேண்டியவர் கிராம முன்சீப். அவரும் அதே ஆயக்கட்டில் நிலம் உள்ளவர். அயலாரோடு பகைத்துக்கொள்ள விரும்பாதவர். இதைவிட ஆழமான காரணமும் இருந்தது. நிலம் உள்ளவர்கள் தங்கள் பங்கு உழைப்பைத் தங்கள் பண்ணையாட்களைக் கொண்டே செய்துவந்தார்கள். 1843இல் அடிமை முறையைச் சட்டம் ஏற்காது என்று அறிவிக்கப்பட்டு, இலங்கை, பர்மா, மலாயா தோட்டங்களுக்கும் நகரங்களுக்கும் ஆட்கள் போகவும் தொடங்கிய பிறகு, அந்த இலவச உழைப்பு மெல்லக் குறைந்தது. கூலி கொடுத்துக் கரை வெட்ட வேண்டிய நிலை வந்தபோது மிராசுதாரர்கள் பின்வாங்கினார்கள்.

இதே காலத்தில் இலங்கையிலும் இதே சிக்கல் எழுந்தது. ராஜகாரியம் என்ற கட்டாய உழைப்பு முறை 1832இல் ஒழிக்கப்பட்ட பிறகு, வன்னியிலும் வறண்ட வலயத்திலும் ஊர்க் குளங்களைக் காக்கும் பொது உழைப்பு தளர்ந்தது. ஆளுநர் ஹென்றி வார்டு காலத்தில், 1856இல், நெற்காணிப் பாசனத்துக்கென ஒரு சட்டம் வந்தது. பழைய ஊர்வழக்கங்களை உழவர்களே கூடி மீட்டெடுத்துக் கடைப்பிடிக்க அது இடம் தந்தது. பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரியிலோ ஆயக்கட்டு உழவர்களிடம் வசூலித்த கட்டணத்தைப் பொது நிதியில் சேர்த்து, ஏரி வேலைகளுக்குச் செலவிடும் அமைப்பு செயல்பட்டது. பணம் கரைக்கு அருகிலேயே இருந்ததால் அந்த ஏற்பாட்டை அங்குள்ள உழவர்கள் நெடுங்காலம் நினைவில் வைத்திருந்தார்கள்.

பஞ்சம் தந்த பாடம்

1876–78ஆம் ஆண்டுகளின் பெரும் பஞ்சம் மதராஸ் மாகாணத்தில் பல லட்சம் உயிர்களைக் குடித்தது. தாது வருஷப் பஞ்சம் என்று மக்கள் நினைவில் நின்றது அதுவே. பஞ்சத்தை ஆராய்ந்து 1880இல் அறிக்கை அளித்த ஆணையம் பாசனப் பாதுகாப்பை வலியுறுத்தியது. அதைத் தொடர்ந்து 1883இல் ஏரிப் புனரமைப்புத் திட்டம் தொடங்கியது. இது மதராஸ் அரசு ஏரிகளுக்காகச் செய்த மிக முறையான பணி.

ஒவ்வொரு ஏரியையும் தனியே பார்க்காமல், ஒன்று நிரம்பி அடுத்ததற்கு வழியும் சங்கிலித் தொடராக, ஆற்றுப்படுகை வாரியாக அளந்தார்கள். நீர்ப்பிடிப்புப் பரப்பு, கொள்ளளவு, கரையின் நீள உயரம், மதகுகளின் மட்டம், கலிங்கின் அகலம், ஆயக்கட்டின் பரப்பு ஆகியவற்றைக் கொண்டு ஏரிக்கொரு குறிப்பேடு தயாரித்தார்கள். அந்தக் குறிப்பேடுகள் பிற்காலத்தில் ஆக்கிரமிப்பு, எல்லைத் தகராறு எழுந்தபோதெல்லாம் சான்றாகப் பயன்பட்டன. குறித்த தரத்துக்கு ஏரியைச் சீரமைத்துக் கொடுப்பது அரசின் வேலை. அதன்பின் அந்தத் தரம் கெடாமல் பார்த்துக்கொள்வது ஊரின் வேலை என்பதே திட்டத்தின் அடிப்படை.

முதல் பாதி நடந்தது. இரண்டாம் பாதி நடக்கவில்லை. 1901–03ஆம் ஆண்டுகளின் இந்தியப் பாசன ஆணையமும், 1926–28ஆம் ஆண்டுகளின் வேளாண்மைக்கான அரச ஆணையமும் குடிமராமத்தின் தளர்ச்சியைப் பற்றிப் பேசின. மாகாணத்துக்கென முழுமையான பாசனச் சட்டம் கொண்டுவரும் முயற்சிகள் நிலவுடைமையாளர்களின் எதிர்ப்பைத் தாண்டி நிறைவேறவில்லை. 1920இன் கிராமப் பஞ்சாயத்துச் சட்டத்தின் வழி இந்தப் பொறுப்பைப் பஞ்சாயத்துகளிடம் சேர்க்கப் பார்த்தார்கள். 1942இல் ஆயக்கட்டுக்காரர்கள் விரும்பி முன்வந்தால் பராமரிப்புக்கெனத் தனி வரி வசூலிக்க வகைசெய்யும் சட்டமும் வந்தது. உழைப்புக்குப் பதில் பணம் என்ற யோசனை நல்லதுதான். ஆனால் ஏற்கெனவே தீர்வை கட்டும் உழவருக்கு அது இன்னொரு வரியாகவே பட்டது.

விடுதலைக்குப் பிறகு

1948இன் ஜமீன் ஒழிப்புச் சட்டம் ஆயிரக்கணக்கான ஜமீன் கண்மாய்களை அரசிடம் கொண்டுவந்தது. அவற்றில் பல, நீண்ட காலம் பராமரிப்பின்றிக் கிடந்தவை. 1958இன் பஞ்சாயத்துச் சட்டத்துக்குப் பின், 100 ஏக்கருக்கு, அதாவது 40 ஹெக்டேருக்குக் கீழ் ஆயக்கட்டு உள்ள ஏரிகள் ஊராட்சி ஒன்றியங்களிடமும், அதற்கு மேற்பட்டவை பொதுப்பணித் துறையிடமும் இருப்பது என்று பிரிவினை அமைந்தது. ஏரிகளில் பெரும்பாலானவை சிறியவை என்பதால் எண்ணிக்கையில் அதிகமானவை ஒன்றியங்களிடம் சென்றன. பொறியாளர்களும் நிதியும் பொதுப்பணித் துறையிடம் இருந்தன.

குடிமராமத்துப் பொறுப்பு சட்டப்படி பஞ்சாயத்துக்கு உரியதாயிற்று. ஆனால் ஏரியிலிருந்து கிடைக்கும் வருவாய் பல திசைகளில் பிரிந்தது. தண்ணீர்த் தீர்வை வருவாய்த் துறைக்குப் போனது. மீன் பிடிக்கும் உரிமைக்கான மீன்பாசி குத்தகை ஓர் அலுவலகத்துக்கும், கரைமரங்களின் ஏலம் இன்னோர் அலுவலகத்துக்கும் உரியதாயின. 1960களிலிருந்து ஏரியின் நீர் தேங்கும் உள்வாயில் வனத்துறை கருவேல மரங்களை வளர்த்தது. 1980களில் சுவீடன் நாட்டு உதவியுடன் நடந்த சமூகக் காடு வளர்ப்புத் திட்டம் அதை விரிவாக்கியது. விறகுத் தேவை தீர்ந்தது. ஊராட்சிகளுக்கும் மர ஏலத்தில் பங்கு கிடைத்தது. அதேசமயம் உள்வாயில் மரம் நிற்கும் வரை வண்டல் எடுக்க முடியாமலும் போனது. தானே பரவிய சீமைக் கருவேலம் வரத்துக் கால்வாய்களையும் அடைத்துக்கொண்டது.

கிணறும் மின்மோட்டாரும் இன்னொரு பெரிய மாற்றத்தைக் கொண்டுவந்தன. 1960களுக்குப் பின் சொந்தக் கிணறு வைத்திருப்பவர் மடைத் தண்ணீரை எதிர்பார்க்க வேண்டியதில்லை என்றாயிற்று. 1984இல் சிறு விவசாயிகளுக்கும், 1990ஐ ஒட்டி எல்லா விவசாயிகளுக்கும் வேளாண் மின்சாரம் இலவசமானது. ஆயக்கட்டில் வசதி படைத்தவர்களே முதலில் கிணறு வெட்டினர். ஊர்க்கூட்டத்தில் சொல் செல்லுபடியாகும் அவர்களே ஏரியை விட்டு விலகியதும் கூட்டு வேலைக்கு அழைப்பார் இல்லாமல் போயிற்று. அவர்களின் கிணறு ஊறுவதும் ஏரி நீரால்தான் என்பது, ஏரி வறண்டு கிணறும் வறண்ட பிறகே உறைத்தது. 1960களின் தொடக்கத்தில் 9 லட்சம் ஹெக்டேருக்கு மேல் இருந்த ஏரிப்பாசனப் பரப்பு, 21ஆம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் 5 லட்சம் ஹெக்டேரை ஒட்டிச் சுருங்கியது.

திட்டங்களும் சங்கங்களும்

1984இல் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தின் உதவியோடு ஏரி நவீனப்படுத்தும் திட்டம் தொடங்கியது. வாய்க்கால்களுக்குக் கான்கிரீட் பூச்சும், மதகுகளுக்குப் புதிய கதவுகளும் வந்தன. நீரை மிச்சப்படுத்துவது நோக்கம். ஆயக்கட்டுக்காரர்களின் சங்கங்களும் அமைக்கப்பட்டன. ஆனால் வரத்துக் கால்வாயும் தூரும் கவனிக்கப்படாத இடங்களில், பூசிய வாய்க்காலில் ஓடத் தண்ணீர் போதவில்லை. அடுத்து 1995 முதல் 2004 வரை உலக வங்கிக் கடனில் நீர்வள ஒருங்கிணைப்புத் திட்டமும், 2007 முதல் 2015 வரை 63 உபவடிநிலங்களில் நீர்வள நிலவளத் திட்டமும் நடந்தன. இரண்டாவது திட்டத்தின் மதிப்பு 2,500 கோடி ரூபாய்க்கு மேல்.

இந்தத் திட்டங்களின் துணை விளைவாக 2000ஆம் ஆண்டின் விவசாயிகள் பாசன அமைப்பு மேலாண்மைச் சட்டம் வந்தது. ஆயக்கட்டில் நிலம் உள்ளவர்கள் வாக்களித்துத் தலைவரையும் ஆட்சிக் குழுவையும் தேர்ந்தெடுக்கும் நீரினைப் பயன்படுத்துவோர் சங்கங்களுக்கு அது சட்ட அங்கீகாரம் கொடுத்தது. வாக்குரிமை நிலத்தோடு இணைந்தது. கால்நடை மேய்ப்பவர், மீன் பிடிப்பவர், நீர்க்கட்டி, நிலமற்ற கூலிப் பெண்கள் ஆகியோர் ஏரியை நம்பி வாழ்ந்தும் அதில் இடம்பெறவில்லை.

அரசு சாராத முயற்சிகளில் மதுரை வட்டாரத்து வயலகங்கள் குறிப்பிடத்தக்கவை. 1992இல் தொடங்கிய இந்தப் பணியைப் பின்னர் தானம் அறக்கட்டளை விரித்து நடத்தியது. இதில் ஊரார் முதலில் தங்கள் பங்குத் தொகையைத் திரட்டுவர். அதற்கு மேல் மாவட்ட நிர்வாகமோ கொடையாளரோ பணம் தருவர். வேலையை ஒப்பந்ததாரர் எடுக்காமல் வயலகமே செய்யும். மீதமாகும் பணமும் ஊரின் பங்கும் வங்கியில் முதலாக வைக்கப்பட்டு, அதன் வருவாய் அடுத்தடுத்த ஆண்டுகளின் பராமரிப்புக்குப் பயன்படும். பழைய ஊர்ச் சபைகளிடம் பொன் வைத்து வட்டியில் மண் எடுத்த ஏற்பாட்டுக்கு நெருங்கிய ஏற்பாடு இது.

2006இல் நடைமுறைக்கு வந்த மகாத்மா காந்தி ஊரக வேலை உறுதித் திட்டம் அரசுப் பணத்தைக் கூலியாக நேரடியாக ஊருக்குக் கொண்டுவந்தது. நூறு நாள் வேலை என்று மக்கள் அழைத்த இத்திட்டத்தில் ஒப்பந்ததாரருக்கு இடம் தரப்படவில்லை. வரத்துக் கால்வாயும் ஊருணியும் குளமும் இதில் தூர்வாரப்பட்டன. வேலைக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். நூற்றாண்டுகளாகக் கூலியின்றிப் பெறப்பட்ட உழைப்புக்குச் சட்டப்படியான கூலி கிடைத்தது என்ற வகையில் இது ஒரு நீதி. ஆனால் மண்வெட்டியால் அள்ளக்கூடிய ஆழத்துக்கு மேல் வண்டல் எடுக்கவும், மதகைக் கட்டவும் இத்திட்டம் போதவில்லை.

2017: பழைய பெயரில் புதிய திட்டம்

2016இன் வடகிழக்குப் பருவமழை பெருமளவு பொய்த்தது. 2017 ஜனவரியில் தமிழகம் முழுவதும் வறட்சி பாதித்த பகுதியாக அறிவிக்கப்பட்டது. அந்த நெருக்கடியில் மாநில அரசு குடிமராமத்துத் திட்டத்தை அறிவித்தது. 2017 மார்ச் 13ஆம் நாள் காஞ்சிபுரம் மாவட்டம் மணிமங்கலம் ஏரியில் அன்றைய முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி பணிகளைத் தொடங்கிவைத்தார். முதல் கட்டத்துக்கு 100 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டு, 30 மாவட்டங்களில் 1,519 பணிகள் எடுத்துக்கொள்ளப்பட்டன. 2019–20இல் ஒதுக்கீடு ஏறத்தாழ 500 கோடி ரூபாயாகவும், பணிகள் 1,829 ஆகவும் உயர்ந்தன.

வேலை டெண்டர் விடப்படாமல் ஆயக்கட்டுக்காரர் சங்கங்களுக்கு நியமன முறையில் தரப்பட்டது. மதிப்பீட்டில் 10 விழுக்காட்டை உழவர்கள் பணமாகவோ, பொருளாகவோ, உழைப்பாகவோ தர வேண்டும். 90 விழுக்காட்டை அரசு தரும். ஏரி வண்டலை வயலுக்கு உரமாக இட்டுக்கொள்ளவும், மண்பாண்டத் தொழிலுக்கு எடுத்துக்கொள்ளவும் அதே ஆண்டில் கனிம விதிகள் திருத்தப்பட்டு, கட்டணமில்லா அனுமதி கிடைத்தது. 2024இல் வட்டாட்சியர் அளவிலேயே அனுமதி பெறும்படி அந்த நடைமுறை எளிதாக்கப்பட்டது. வண்டியில் வண்டல் ஏற்றிப் போய்த் தன் நிலத்தில் கொட்டிய உழவர் ஏரியின் தூரையும் வாரினார், தன் வயலையும் வளமாக்கினார்.

பல இடங்களில் கரைகள் உயர்ந்தன, மதகுகள் புதுப்பிக்கப்பட்டன, அடுத்த மழைக்கு ஏரிகள் நிரம்பின. வேறு சில இடங்களில் ஒப்பந்ததாரர்களே சங்கத்தின் பெயரில் வேலையை எடுத்ததாகவும், உழவர் பங்கு கணக்கில் மட்டும் காட்டப்பட்டதாகவும், செயல்படும் சங்கம் இல்லாத ஊர்களில் அவசரமாகச் சங்கம் பதிவானதாகவும் விவசாயிகள் தரப்பிலும் எதிர்க்கட்சிகள் தரப்பிலும் புகார்கள் எழுந்தன. நீதிமன்றங்களுக்கும் சில வழக்குகள் சென்றன. திட்டத்தின் அமைப்பிலேயே ஒரு குறை இருந்தது. பணி முடிந்ததும் சங்கத்தின் வேலையும் முடிந்துவிடுகிறது. அடுத்த சித்திரையில் கரைப் புதரை வெட்ட அதனிடம் பணம் இல்லை. மீன்பாசியிலோ மரத்திலோ வண்டலிலோ அதற்கு உரிமையும் இல்லை.

வரலாறு காட்டும் கணக்கு

குடிமராமத்து சிதைந்ததற்கு மக்களின் ஒற்றுமை குறைந்ததைக் காரணம் காட்டுவது 19ஆம் நூற்றாண்டு அதிகாரிகள் தொடங்கிவைத்த வழக்கம். வரலாறு வேறு விதமாகச் சொல்கிறது. ஏரிக்கென நிலமும் வரியும் வட்டியும் களத்துப் பங்கும் ஊரின் கையில் இருந்தவரை ஆண்டு வேலை நடந்தது. அந்த வருவாய் கஜானாவுக்குப் போய், உழைப்பு மட்டும் கடமையாக எஞ்சியபோது வேலை நின்றது. சட்டம் போட்டு மிரட்டியும் அது திரும்பவில்லை. 1883 முதல் இன்றுவரை வந்த ஒவ்வொரு திட்டமும் ஒருமுறை பெருந்தொகை செலவிட்டு ஏரியைச் சீர்செய்தது. ஆண்டுதோறும் தேவைப்படும் சிறு தொகைக்கு வழி செய்யவில்லை. அதனால் புனரமைத்த ஏரியையே இருபது முப்பது ஆண்டுகளில் மீண்டும் புனரமைக்க நேர்ந்தது.

பழைய ஏற்பாட்டை அப்படியே மீட்பதும் சரியாகாது. அது நிலமற்றவரின் கூலியில்லா உழைப்பின் மேல் நின்றது. உழைப்புக்குக் கூலி, கூலிக்கு அரசு நிதி, அதைச் செலவிடும் அதிகாரம் ஊருக்கு, ஏரியின் மீனிலும் மரத்திலும் வண்டலிலும் கிடைக்கும் வருவாய் அதே ஏரியின் பராமரிப்புக்கு, அந்த ஊர் அமைப்பில் நிலமில்லாதவருக்கும் இடம் என்ற ஐந்தும் ஒருசேர அமைந்த காலம் இதுவரை இல்லை. ஊராட்சிகளிடமும் நீரினைப் பயன்படுத்துவோர் சங்கங்களிடமும் மீன்பாசி குத்தகையின் ஒரு பங்கையாவது நிலையாக விட்டுவைப்பது அதற்கான முதல் படி. பெருஞ்செலவை அரசு ஏற்று, ஆண்டுச் செலவுக்கான வருவாயை ஊரிடம் விட்டுவைக்கும்போதுதான் குடிமராமத்து என்ற பெயருக்குரிய பணி நிலைபெறும்.